வெங்காயம் படாத கத்திகள்

சாத்தப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் ஒரு கொய்யாப்பழத்தை வெட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடியில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டீக்கடை. எனக்கு ஒரு கீற்று, இன்னாசிமுத்துவுக்கு ஒரு கீற்று, தனக்கு மிச்சம். வெட்டி முடித்ததும் கத்தியைத் தோள் துண்டில் துடைத்து மடக்கினார். டக்கென்று ஒரு சத்தம்.

“கேட்டியா அருணகிரி? கோயில் மணி மாதிரி இருக்குல்ல?” என்றார்.

“தகர டப்பா மாதிரி இருக்குண்ணே” என்றேன்.

அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. பொறாமையில் சொன்னதாக யாரும் நினைக்கலாம். எனக்குப் பொறாமை கிடையாது. உண்மையைச் சொல்வது என் சுபாவம்.

நீங்கள் திருச்சியில் இந்த பஸ்ஸில் ஏறியதிலிருந்து என் இடது கையையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். கேட்கக் கூச்சப்பட்டு, ஜன்னல் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியும் உட்கார்ந்துவிட்டீர்கள். வியாதி இல்லை சார், ஒட்டாது. வலது கையில் முடி இருக்கிறது, இடது கையில் இல்லை. கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டினால் கூர் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கு எங்களிடம் ஒரே வழிதான். இடது கையில் வைத்து மெல்ல இழுத்தால் முடி தானாக உதிர வேண்டும். உதிர்ந்தால் கூர். எங்கள் மூன்று பேருக்குமே இடது கை இப்படித்தான். இன்னாசிமுத்துவை அவர் மகள் தோல் டாக்டரிடம் கூட்டிப்போய்க் களிம்பு வாங்கிக் கொடுத்தாள். கத்தி விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, டியூப் தீரும்வரை தடவினார். சாத்தப்பனைக் குளிப்பாட்டிய அன்று அவர் பங்காளிகள் அந்தக் கையைப் பார்த்துத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். நான்தான் போய் விளக்கினேன். விளக்கிய பிறகு இன்னும் தள்ளி நின்றுகொண்டார்கள்.

மடக்குக் கத்தி சங்கம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சாத்தப்பன் தலைவர், நான் செயலாளர், இன்னாசிமுத்து பொருளாளர். உறுப்பினர் யாரும் கிடையாது, பொருளும் கிடையாது. சாத்தப்பன் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னாசிமுத்து டிராயிங் மாஸ்டர். நான் மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஞாயிறு காலை அந்த டீக்கடை பெஞ்சில் ஒரு துண்டை விரிப்போம். அந்த வாரம் சட்டைப் பையில் சுமந்த கத்தியை அதில் வைப்போம். மற்ற இருவரும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று யாரும் யாரிடமும் சொன்னது கிடையாது. சொன்னால் கண் பட்டுவிடும்.

விதிகள் உண்டு. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது, சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இது உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். எங்களுக்கு இன்னொன்றும் உண்டு. திறந்தவர்தான் மடக்க வேண்டும். இன்னாசிமுத்து திறந்த கத்தியை நான் மடக்கினால் அது அவரை அவமானப்படுத்துவது போல. எவர்சில்வர் அலகு உள்ள கத்தியைத் துண்டில் வைக்கவே கூடாது. பழைய எஃகு வேண்டும். ஈரம் பட்டால் துரு ஏறும், உப்புப் பட்டால் கருக்கும், பார்க்காமல் விட்டால் கெட்டுப்போகும். அப்படிப்பட்ட கத்திதான் கத்தி. எண்ணெய் விஷயத்தில் மட்டும் கட்சி பிரிந்து கிடந்தோம். நான் தையல் மெஷின் எண்ணெய். அவர்கள் தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் போட்டால் எறும்பு வரும் சார். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அதை வைத்து என்ன வெட்டுவீர்கள் என்கிறீர்கள். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். கொய்யாப்பழம். அது கிடைக்கிற காலத்தில். மற்றபடி பேப்பர். ஒரு தாளை அந்தரத்தில் பிடித்து மேலிருந்து இழுத்தால் சத்தமில்லாமல் இரண்டாக வேண்டும். டீக்கடைக்காரர் அன்றைய பேப்பரை எங்கள் கண்ணில் படாமல் கல்லாவுக்கு அடியில் வைத்திருப்பார்.

என் வீட்டு பீரோவில் முப்பதுக்கு மேல் இருக்கிறது. எருமைக்கொம்புப் பிடி, கருங்காலிப் பிடி, சிப்பி பதித்தது. பர்மாவிலும் பினாங்கிலும் இருந்து வந்து, இங்கே பழைய சாமான் கடையில் விலைக்குக் கிடந்தவை. என் மனைவி இருந்த காலம் முழுக்க அதில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவள். கல்யாணமான புதிதில் ஒரு முறை மட்டும், தெரியாமல் ஒன்றை எடுத்து வெங்காயம் அரிந்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. கத்தியை வாங்கி, கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு வைத்துவிட்டு, ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான். புரிந்துகொண்டாள். பிறகு கடைசிவரை பால் பாக்கெட்டைக்கூடப் பல்லால்தான் கிழித்தாள். பொருளின் அருமை தெரிந்த பெண் அமைவது எல்லோருக்கும் வாய்க்காது.

சாத்தப்பனுக்கு வாய்க்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கொய்யாப்பழம் வெட்டிய வாரத்திலேயே அவர் போய்விட்டார். காலையில் சாத்துக்குடி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பாதி வெட்டியாயிற்று, நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கத்தி திறந்தபடி தட்டில் கிடந்திருக்கிறது. எருமைக்கொம்புப் பிடி, அவர் தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. அலகின் அடியில் இங்கிலாந்து ஷெஃபீல்டு முத்திரை இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நானும் இன்னாசிமுத்துவும் போனோம். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். சமையலறைக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே உமையாள் ஆச்சி, சாத்தப்பன் மனைவி, வாழைக்காய் நறுக்குகிறார். எதை வைத்து? அந்தக் கத்தியை வைத்து. எதன் மேல்? எவர்சில்வர் தட்டின் மேல். சார், உலோகத்தின் மேல் உலோகம். அந்தக் கூர்மையை ஏற்ற சாத்தப்பனுக்கு எத்தனை ஞாயிறு ஆகியிருக்கும்.

“அண்ணே, தட்டு மேல வச்சு வெட்டுறாங்க” என்றார் இன்னாசிமுத்து. கண் கலங்கிவிட்டது அவருக்கு. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, “என்ன சிநேகம் பாருங்க” என்று மற்றவர்களிடம் சொன்னார்.

துக்க வீட்டில் பேசக் கூடாது என்று பேசாமல் வந்தோம். எங்களுக்கும் நாகரிகம் உண்டு. மூன்று மாதம் பொறுத்தோம். பிறகு சங்கத்தின் சார்பில் இரண்டு பேரும் போனோம்.

“ஆச்சி, அண்ணனோட கத்தியில வெங்காயம் வெட்டக் கூடாது” என்றேன்.

“பின்னே எதை வெட்டுறது?”

நான் யோசிப்பதற்குள் இன்னாசிமுத்து, “பேப்பர் வெட்டலாம்” என்றார்.

ஆச்சி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “காப்பி சாப்பிடுறீங்களா?” என்றார்.

காப்பி வரும்வரை நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். கத்தி மேடை மேல் கிடந்தது. திறந்தே கிடந்தது. அன்றைக்குச் சாத்தப்பன் திறந்தது, அதற்குப் பிறகு யாருமே மடக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் நான் பார்த்தது அதை இல்லை. அலகைப் பார்த்தேன். நீலம் சார். மயில்கழுத்து நீலம். நடுவில் கொஞ்சம் ஊதா, ஓரத்தில் கொஞ்சம் பொன். அந்தக் கால எஃகில் புளிப்பும் காரமும் பட்டுப் பட்டு, துடைத்துத் துடைத்து, காலப்போக்கில் ஒரு நிறம் பூக்கும். அது பூத்துவிட்டால் துரு அண்டாது. உலகத்தில் கத்திப் பிரியர்கள் அத்தனை பேரும் அதற்குத்தான் ஏங்குகிறார்கள். இன்னாசிமுத்து தன் கத்தியை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்துப் பார்த்தார், துருதான் வந்தது. நான் புளியைக் கரைத்துப் பூசினேன், கடுகை அரைத்துப் பூசினேன். கடுகு நிறம்தான் வந்தது. இந்த அம்மாள் மூன்று மாதம் சாம்பார் வைத்தே அதைக் கொண்டுவந்துவிட்டார். கொண்டுவந்ததுகூட அவருக்குத் தெரியாது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்தக் கத்தியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று.

இன்னாசிமுத்துவிடம் சொல்லாமல் மறுநாள் நான் மட்டும் போனேன். ஒரு செயலாளருக்கு அந்த அதிகாரம் உண்டு. “அண்ணன் ஞாபகமா அதை நான் வச்சுக்கிறேன் ஆச்சி” என்றேன்.

மறுப்பார் என்று நினைத்தேன். “எடுத்துக்கங்க. எனக்குச் சமையலுக்கு ஒரு கத்தி வேணும், அவ்வளவுதான். உங்க வீட்டுல நிறைய இருக்குன்னு அவுக சொல்வாக. அதுல ஒண்ணைக் குடுங்க” என்றார்.

நியாயமான பேச்சு. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். கருங்காலிப் பிடியை எடுத்தேன். அதை எவர்சில்வர் தட்டில் வைத்து நினைத்துப் பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன். சிப்பிப் பிடியைப் பற்றி நினைக்கவே முடியவில்லை. ஒன்று ரொம்பச் சின்னது. ஒன்றுக்கு ஸ்பிரிங் கெட்டி, வயதானவர், நகம் பெயர்ந்துவிடும். எல்லாம் அவர் நன்மைக்காகத்தான் யோசித்தேன். பிற்பகல் முழுக்க யோசித்து, காப்பி போடச் சமையலறைக்குப் போனபோது சுவரில் ஒரு கத்தி தொங்குவதைப் பார்த்தேன். என் மனைவி காய்கறி அரிகிற கத்தி. மரப்பிடி, அதில் ஒரு ஆணி விழுந்து சணல் சுற்றியிருந்தது. அந்தச் சணலிலேயே ஒரு வளையம் போட்டுச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தாள். ஆச்சி என்ன கேட்டார்? என் வீட்டுக் கத்தி ஒன்றைக் கேட்டார். இது யார் வீட்டுக் கத்தி?

கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன். ஆச்சி ஒரு தக்காளியை எடுத்து அதில் வெட்டிப் பார்த்தார். தக்காளி நசுங்கியது.

“தெய்வானை இதுலயா வெட்டிக்கிட்டிருந்தா?” என்றார். என் மனைவியை அவருக்குக் கோயிலில் வைத்துப் பழக்கம்.

“ஆமா ஆச்சி. கல்யாணத்துலேருந்து கடைசிவரைக்கும். வெட்டலைன்னு ஒரு நாள் சொன்னதில்லை” என்றேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர் கத்தியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மாற்றுக்கு ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்று எனக்கு உள்ளூரப் பயம். ஆனால் உள்ளே போய் அந்த நீலக் கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தபடியே.

“நீங்களே மடக்கிக்கங்க” என்றார்.

திறந்தவர்தான் மடக்க வேண்டும் என்பது விதி. திறந்தவர் போய்விட்டால் என்ன செய்வது என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. மடக்கினேன். சத்தம் சுத்தமாக இல்லை. உள்ளே வெங்காயத் தோல் சிக்கியிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெங்காயம் அரிந்த கையோடு கண்ணைத் தொட்டால் அப்படித்தான்.

மழுங்கின இரும்பைக் கொடுத்து மயில்கழுத்தை வாங்கி வந்தவன் நான். அந்த ஞாயிறு துண்டு விரித்து நடுவில் வைத்தேன். இன்னாசிமுத்து பூதக்கண்ணாடியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், “நல்லா இருக்கு” என்றார். சங்கத்தில் முதல் முறை.

பிறகு, “ஆச்சிக்கு என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார். சொன்னேன்.

கண்ணாடியைக் கீழே வைத்தார். “அண்ணியோட கத்தியையா?”

“ஆமா. அது வெட்டவே வெட்டாதுய்யா. அதுக்குப் போய் அந்த அம்மா ஒத்துக்கிட்டாங்க பாரு.”

“உங்களுக்கு அத்தனை இருக்கு. அவங்களுக்கு அது ஒண்ணுதானேண்ணே இருந்துச்சு” என்றார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. முழங்கால் வலியாம். அதற்கடுத்த ஞாயிறும் முழங்கால்தான். அதே முழங்காலோடு சைக்கிளில் சர்ச்சுக்குப் போகிறவரை என் கண்ணால் பார்த்தேன். கையசைத்தேன். முழங்கால் வலி கண்ணுக்கும் ஏறிவிட்டது போலிருக்கிறது.

சரி, போகட்டும். இப்போது வீட்டு விஷயம். சமையலறையில் கத்தி இல்லை. நான்தான் சமைக்கிறேன். முப்பது கத்தி இருக்கிறதே என்கிறீர்கள். அதில் வெங்காயம் வெட்டச் சொல்கிறீர்களா? அந்த நீலக் கத்தியாவது வெங்காயம் பழகினதுதானே என்பீர்கள். அதை நான் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்தாயிற்று. பாத்திரக் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். எவர்சில்வர், பிளாஸ்டிக் பிடி. குறை சொல்ல முடியாது, வெட்டுகிறது. ஆனால் சுவரில் அந்த ஆணி இருக்கிறதே, அதில் மாட்ட இதற்கு வளையம் இல்லை. ஆணி சும்மா நீட்டிக்கொண்டிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. பிடுங்கிவிடலாம் என்று குறடு எடுத்தேன். பிறகு சுவர் பெயர்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். தோசை ஊற்றும்போதுகூட அந்த ஆணிதான். ஒரு மனிதனை இந்த அளவு தொந்தரவு செய்கிற ஆணியை நான் முப்பது வருட லைன் வேலையில் பார்த்ததில்லை.

அதற்காகத்தான் திருச்சிக்குப் போய்விட்டு வருகிறேன். வேறு காரணம் இல்லை. ஆச்சி இப்போது தில்லைநகரில் மகள் வீட்டில் இருக்கிறார். காரைக்குடி வீட்டைப் பூட்டும்போது சாமான்களோடு அந்தக் கத்தியையும் எடுத்துப் போயிருக்கிறார். காலை முதல் பஸ்ஸில் போனேன். அடுக்குமாடி, மூன்றாவது மாடி. நீலக் கத்தியை மேசை மேல் வைத்தேன்.

“இதை வச்சுக்கங்க ஆச்சி. அந்தப் பழசைக் குடுத்திருங்க” என்றேன்.

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீக?”

“வீட்டுல ஒரு ஆணி சும்மா இருக்கு” என்றேன்.

சிரிக்கவில்லை அவர். எழுந்து உள்ளே போனவர் வெறும் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்புறம் மறுபடி போய்க் கொண்டுவந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சணல் வளையம் அதேதான். அலகு பளபளவென்று வெள்ளையாக இருந்தது.

“நான் குலதெய்வத்துக்குப் போயிருந்தப்ப என் மக தெருவுல வந்த சாணைக்காரன்கிட்டக் குடுத்துட்டா. சக்கரத்துல வச்சு ரெண்டு பக்கமும் இழைச்சுட்டான். வந்து பார்த்தா பேரு போயிருச்சு” என்றார்.

“என்ன பேரு?”

“தெய்வானை பேருதான். சீர்ப் பாத்திரத்துல புள்ளி புள்ளியா வெட்டுவாகல்ல? அவ அம்மா வீட்டுல இதுலயும் வெட்டிக் குடுத்திருக்காக. நீங்க பார்த்ததில்லையா?”

பார்த்ததில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் சமையலறையில் வெளிச்சம் போதாது என்றேன். உண்மையிலேயே போதாது. லைன் இன்ஸ்பெக்டர் வீடு, நாற்பது வாட் பல்புதான்.

“வெட்டாத கத்தின்னு தெரிஞ்சும் அன்னைக்கு ஏன் வாங்கிக்கிட்டீங்க?” என்று கேட்டேன். மாற்றில் நான் அவரை ஏமாற்றிவிட்டதாக ஒரு எண்ணம் மனதில் இருந்துகொண்டே இருந்தது.

“நான் வேண்டாம்னா நீங்க அதை வேற எங்க கொண்டுபோய்த் தள்ளியிருப்பீகளோ. தெய்வானை பேரைப் பார்த்தேன். எங்கிட்டயாவது இருக்கட்டுமேன்னு வச்சுக்கிட்டேன்” என்றார்.

இதை ஒரு விருந்தாளியிடம் சொல்கிறார், பாருங்கள். ஆனால் காப்பி நன்றாக இருந்தது. புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். நீலக் கத்தியைத் திறந்து மேடை மேல் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எவர்சில்வர் தட்டு. வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் பழைய கத்திதான் இந்த மஞ்சள் பையில் இருக்கிறது. காட்டுகிறேன். கையில் தர மாட்டேன், சீட்டில் வைக்கிறேன், எடுத்துப் பாருங்கள். கூர் பார்த்துத் தொடுங்கள், சக்கரத்தில் தீட்டியது, இப்போது தக்காளி என்ன, எதையும் வெட்டும். வெளிச்சத்தில் பிடியுங்கள். பிடியை ஒட்டின இந்த மூலைக்கு மட்டும் சக்கரம் எட்டவில்லை. அங்கே புள்ளி புள்ளியாக ‘னை’ என்று ஒரே ஒரு எழுத்து இருக்கிறது.